மாடலைக் குறை சொல்வதற்கு முன்: பெங்களூரு மொட்டைமாடியில் டெக் அளந்த அனுபவம்

நான் பாளையங்கோட்டைக்காரன். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது என்பது, பெங்களூரு வந்து இந்த வேலையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கிருஷ்ணாபுரத்துக்குக் கோயில் சிற்பம் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது, நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் ஓடுகிறது என்றெல்லாம் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

2014-ல் வடக்கு பெங்களூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்தேன். அயனி மண்டலம் என்பது வெயிலில் காற்று அயனியாகவும் எலக்ட்ரானாகவும் பிரிந்து கிடக்கும் மேல் வளிமண்டலம். அதற்கான மாடல்கள் கணிக்கும் டெக்கையும் ஜிபிஎஸ் ரிசீவர் அளக்கும் டெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் அட்சரேகையில் எந்த மாடல் எப்போது தவறுகிறது என்று பார்ப்பது என் வேலை. டெக் என்றால் மொத்த எலக்ட்ரான் அளவு. செயற்கைக்கோளிலிருந்து ரிசீவர் வரை ஒரு சதுர மீட்டர் குறுக்களவில் ஒரு குழாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் அது. ஒன்றுக்குப் பின்னால் 16 சுழி போட்டால் வரும் எண்ணிக்கை ஒரு அலகு. ஒரு அலகு கூடினால், ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையான எல்1-ஐ மட்டும் நம்பியிருக்கும் ரிசீவருக்கு அந்தச் செயற்கைக்கோளின் தூரம் 16 செ.மீ. அதிகமாகத் தெரியும். சூரியன் கொதிநிலையில் இருக்கும் ஆண்டுகளில் நம் பக்கம் பகலில் 100 அலகைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது பிழை 16 மீட்டர். விமானத்தைத் தரைக்கு வழிநடத்த ககன் போன்ற ஜிபிஎஸ் திருத்த அமைப்பு இந்த எண்ணைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறது. அதனால் எனக்கு இது வெறும் வளைகோட்டு வேலையாக ஒருநாளும் தோன்றியதில்லை.

இதே ஒப்பீட்டை இப்போது தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தடுக்கி விழுந்த இடங்களில் அவர்கள் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரமே ஐஆர்ஐ மாடலை ஓட்டிவிட்டேன். உலக அளவில் பொது அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படும் மாடல், அப்போது 2012 பதிப்பு. வரைபடத்தைப் பார்த்தால் அளந்த டெக் பிற்பகலில் உச்சத்துக்கு வருகிறது, மாடலோ ஐந்து மணி நேரம் தள்ளி, இருட்டிய பிறகு உச்சத்துக்கு வருகிறது. சூரியன் மறைந்தபின் எலக்ட்ரான் எங்கிருந்து வரும்? நான் உடனே, மாடல் நம் அட்சரேகையில் மோசம் என்று ஒரு பக்கம் எழுதியே வைத்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர் இருந்தார். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர், எல்லாருக்கும் அக்கா. அவர் என் நிரலின் ஒரு வரியைப் பார்த்துவிட்டு, “தம்பி, இருபத்தஞ்சு கூட்டலியே நீ” என்றார். எனக்குப் புரியவில்லை. ஐஆர்ஐ நிரலில் நேரத்தைக் கொடுக்கும்போது, அது உலக நேரமாக இருந்தால் 25-ஐக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டாவிட்டால் அதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். நான் உலக நேரம் 14 என்று கொடுக்க, அது பெங்களூரின் பிற்பகல் 2 மணியைக் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறது. மாடல்மீது தப்பே இல்லை.

நேரத்தில் இன்னொரு சின்னப் பள்ளமும் உண்டு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குக்கு உரியது. பெங்களூரோ 77.6 டிகிரியில் இருக்கிறது. ஆக, சூரியனை வைத்துப் பார்த்தால் நம் உள்ளூர் நேரம் உலக நேரத்தைவிட 5 மணி 10 நிமிடம்தான் முன்னால். கைக்கடிகாரத்தின் ஐந்தரையை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டால் 20 நிமிடம் விலகும். நடுப்பகலில் இது தெரியாது. ஆனால் காலை 7 முதல் 9 வரை டெக் கிடுகிடுவென ஏறும் நேரத்தில், இந்த 20 நிமிடமே சில அலகுகள் வித்தியாசம் காட்டி மாடலின் பிழை போல வந்து நிற்கும்.

நேரத்தைச் சரிசெய்ததும் இரண்டு கோடுகளும் ஓரளவு ஒட்டிக்கொண்டன. ஆனால் ஒரு குறிப்பிட்ட செயற்கைக்கோளில் மட்டும், காலையில் அளவுக் கோட்டில் ஒரு சின்ன மேடு வந்தது. மறுநாளும் வந்தது. பயண அலைகள் அயனி மண்டலத்தில் போகும்போது இப்படி மேடு பள்ளம் வரும் என்று படித்திருந்தேன். பெரிய விஷயம் கையில் சிக்கிவிட்டது என்ற சந்தோஷம். அக்கா ஒரு வாரத்து வரைபடங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கச் சொன்னார். அடுக்கிப் பார்த்தால் மேடு ஒவ்வொரு நாளும் சரியாக 4 நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தினமும் கிட்டத்தட்ட 4 நிமிடம் முன்னதாகவே வானத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும், ஏனென்றால் அவற்றின் பாதை நட்சத்திர நாளுக்குக் கட்டுப்பட்டது. அயனி மண்டலமோ சூரியனுக்குக் கட்டுப்பட்டது. அது இப்படி நட்சத்திரக் கணக்கில் நகராது. அப்படியென்றால் மேடு வானத்திலிருந்து வரவில்லை, நம் கட்டடத்திலிருந்தே வருகிறது. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தோம். ஆன்டெனாவிலிருந்து நாலு எட்டில், அந்த மாதம்தான் புதிதாக வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர். பளபளவென்று எஃகுத் தொட்டி, சாய்ந்த கண்ணாடிக் குழாய்கள். செயற்கைக்கோள் ஒரு குறிப்பிட்ட திசைக்கு வரும்போது அதன் சமிக்ஞை தொட்டியில் பட்டுத் தெறித்து ஆன்டெனாவுக்குள் போகிறது. பெங்களூரில் சோலார் ஹீட்டர் இல்லாத மொட்டைமாடியைத் தேடுவது கஷ்டம். ஆன்டெனாவை லிஃப்ட் அறையின் மேல் தளத்துக்கு மாற்றினோம், மேடு போய்விட்டது. அன்றிலிருந்து புதிதாக என்ன கண்டாலும், அதை நாள்வாரியாக அடுக்கி 4 நிமிட நகர்வு இருக்கிறதா என்று பார்க்காமல் நான் பேசுவதில்லை.

இனி வருவது எனக்கு அதிக மாதங்களைத் தின்ற விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெக்கை ரிசீவர் நேராக அளப்பதில்லை. எல்1, எல்2 என்ற இரண்டு அலைவரிசைகளும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளக்கிறது. அந்த வித்தியாசத்தில் அயனி மண்டலத்தின் பங்கு மட்டுமல்ல, செயற்கைக்கோளின் மின்சுற்றுகளும் ரிசீவரின் கேபிளும் மின்சுற்றும் சேர்க்கும் தாமதமும் கலந்திருக்கும். இதைத்தான் பயாஸ் என்கிறோம். ஒரு நானோ வினாடி பயாஸ் என்றால் 2.85 அலகு. மூன்று நானோ வினாடி தப்பினால் எட்டரை அலகு போயிற்று. விடியற்காலையில் மொத்த டெக்கே சில அலகுகள்தான் இருக்கும் ஊரில் எட்டரை அலகுப் பிழையை வைத்துக்கொண்டு எந்த மாடலை எடை போடுவது?

செயற்கைக்கோள்களின் பயாஸை சர்வதேச மையங்கள் வெளியிடுகின்றன. எடுத்துப் போட்டால் போதும் என்றிருந்தேன். நம் ரிசீவர் எந்தக் குறியீட்டைத் தருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எல்1-ல் பி1 என்ற குறியீட்டுக்குப் பதில் சி1 என்ற குறியீட்டைத் தரும் ரிசீவராக இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அது சுலபம். ரிசீவரின் சொந்த பயாஸ்தான் பெரிய பாடு. நாமே கணக்கிட வேண்டும், வெயில் குளிருக்கு ஏற்ப அது கொஞ்சம் ஆடவும் செய்யும்.

பொதுவாகச் செய்வது என்னவென்றால், விடியற்காலை 3 முதல் 5 மணிக்குள் எல்லாச் செயற்கைக்கோள்களின் செங்குத்து டெக்கும் (சாய்ந்த பாதையில் அளந்ததை, நேர் மேலே பார்த்தால் வரும் அளவாக மாற்றியது) ஒன்றோடொன்று ஒட்டும்படி ஒரு எண்ணைத் தேடுவது. நான் அதைச் செய்து, வந்த எண்ணை நம்பிவிட்டேன். மாடல் அந்த நேரத்தில் அளவைவிட நாலைந்து அலகு கீழே இருந்தது. பயாஸ் தப்பா, மாடல் தப்பா? இரண்டுமே ஒரே நேரத்தில் ஒரே மாதிரி முகம் காட்டும். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சாய்ந்த டெக்கை செங்குத்தாக மாற்ற ஒரு காரணியால் வகுக்கிறோம். செயற்கைக்கோள் தலைக்கு நேர் மேலே இருந்தால் காரணி 1, அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால் 1.75, 20 டிகிரியில் 2.2. பயாஸில் மிச்சப் பிழை இருந்தால் அதுவும் இந்தக் காரணியால் வகுபடும். ஆக, செயற்கைக்கோள் உச்சிக்கு வரும்போது பிழை முழுசாகத் தெரியும், அடிவானத்துக்குப் போகும்போது பாதியாகிவிடும். விளைவு, ஒவ்வொரு செயற்கைக்கோளின் கோடும் வளைந்து நிற்கும். எல்லாம் குடை மாதிரி கவிழ்ந்திருந்தால் பயாஸை நாம் குறைவாகக் கழித்திருக்கிறோம். கிண்ணம் மாதிரி நிமிர்ந்திருந்தால் அதிகமாகக் கழித்திருக்கிறோம். கோடுகள் தட்டையாகப் படுத்திருந்தும் மாடல் கீழேயே இருந்தால்தான் குறை மாடலுடையது. என்னுடையவை அன்று மெல்லிய குடைகளாக இருந்தன. அந்த நாலைந்து அலகில் பாதிக்கு மேல் என் பிழை.

இன்னொரு சோதனையும் செய்யலாம், பெங்களூரில் இருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டல்) வலையமைப்பின் நிலையம் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. அதன் தரவு எல்லாருக்கும் திறந்தது. உலக அயனி வரைபடக் கோப்புகளின் தலைப்பில் அது போன்ற நிலையங்களின் ரிசீவர் பயாஸ் மதிப்பும் கிடைக்கும். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ரிசீவர்கள் பார்ப்பது ஒரே வானம். உங்கள் டெக்கும் அதன் டெக்கும் இரவில் ஒன்றாக வராவிட்டால், மாடல் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் அந்த உலக வரைபடங்களையே ‘அளந்த டெக்’ என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன், அது கூடாது. இரண்டரை டிகிரிக்கு ஐந்து டிகிரி என்ற கட்டங்களில், தொலைவில் உள்ள நிலையங்களை இணைத்து வரைந்தது அது. அதுவும் ஒரு வகை மாடல்தான். நம் பக்கத்தில் வடக்கு தெற்காக டெக் வேகமாக மாறும் இடத்தில் அது மேடுகளைத் தேய்த்துவிடும்.

ஏன் அவ்வளவு வேகமாக மாறுகிறது? பகலில் காந்த நடுக்கோட்டின் மேல் மின்புலம் கிழக்கு நோக்கி இருக்கிறது, காந்தப்புலம் வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பிளாஸ்மாவை, அதாவது அயனியும் எலக்ட்ரானும் கலந்த வாயுவை, மேலே தூக்குகின்றன. மேலே போன பிளாஸ்மா நீரூற்றுத் தண்ணீர் மாதிரி காந்தக் கோடுகள் வழியாக இரு பக்கமும் வழிந்து, காந்த அட்சரேகை 15 டிகிரியைச் சுற்றி இறங்கிக் குவிகிறது. திருநெல்வேலிக்கு மேலே பள்ளம், போபால், அகமதாபாத் பக்கம் முகடு. பெங்களூரு இடையில், சரிவில் உட்கார்ந்திருக்கிறது.

இதன் அர்த்தம் எனக்கு உறைத்தது ஒரு கணக்குப் போட்டபோது. அயனி மண்டலத்தை 350 கி.மீ. உயரத்தில் ஒரு மெல்லிய தகடாக வைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து வடக்கே 30 டிகிரி உயரத்தில் தெரியும் செயற்கைக்கோளை நோக்கிக் கோடு போட்டால், அது தகட்டைத் துளைக்கும் இடம் சுமார் 535 கி.மீ. வடக்கே, அதாவது ஹைதராபாத்தையும் தாண்டி. தெற்கே அதே உயரத்தில் பார்த்தால் கன்னியாகுமரிக்குச் சற்று மேலே. பெங்களூரு டெக் என்று சொல்லிக்கொண்டு நான் சராசரி எடுத்தது, கன்னியாகுமரியிலிருந்து ஹைதராபாத் வரை உள்ள வானத்தை. அதை பெங்களூரின் ஒரே ஒரு புள்ளிக்கு மாடல் தரும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, மதியத்தில் மாடல் தவறுகிறது என்றால் அது நியாயமா?

அதற்கப்புறம் இரண்டு விதமாகச் செய்ய ஆரம்பித்தேன். நிலையத்துக்கு மேலே உள்ள டெக் வேண்டுமென்றால் 50 டிகிரிக்கு மேல் இருக்கும் செயற்கைக்கோள்களை மட்டும் எடுப்பது. தரவு குறையும், பரவாயில்லை. அல்லது ஒவ்வொரு துளைப்புள்ளிக்கும் தனித்தனியாக மாடலை ஓட்டுவது. நெக்விக் என்ற இன்னொரு மாடலில் சாய்ந்த பாதை நெடுகவே கூட்டிக் கணக்கிட முடியும் என்பதால் தகடு என்ற கற்பனையே தேவையில்லை. சரிவில் இருக்கும் நம் ஊர்களுக்கு அதுதான் நேர்மையான ஒப்பீடு.

2015 ஜூலையில் இன்னொன்று நடந்தது. சூரியன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மாடலுக்குச் சொல்லும் சூரியக் கரும்புள்ளி எண்ணை நான் தானாகவே இறக்கிக்கொள்ளும்படி எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால் பழைய மாதங்களுக்கும் சேர்த்து மாடல் டெக் எல்லாம் எகிறியிருக்கிறது. மாடலில் நான் ஒன்றும் தொடவில்லை. விசாரித்தால், அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து கரும்புள்ளி எண்ணின் அளவுகோலையே திருத்தி இரண்டாம் பதிப்பு வெளியிட்டிருக்கிறார்கள். 2014 ஏப்ரல் உச்சத்தின் சராசரி பழைய கணக்கில் 82 அளவில் இருந்தது, புதியதில் 116. சூரியன் அதே சூரியன்தான், எண்ணும் முறை மாறிவிட்டது. மாடல்களின் குணகங்களோ பழைய எண்ணை வைத்து உருவானவை. புதிய எண்ணை 0.7-ஆல் பெருக்கித்தான் கொடுக்க வேண்டும். ஐஆர்ஐயின் சொந்தக் கோப்பை விட்டுவிட்டு நாமாக எண் கொடுக்கும் யாரும் இன்றைக்கும் இதில் விழலாம். இன்னொன்று, 12 மாதச் சராசரி என்பதால் கடைசி ஆறு மாதங்களுக்கு உள்ளே இருப்பது முன்கணிப்புதான். நடப்பு மாதத்தை ஒப்பிட்டு முடிவு எழுதிவிட்டால், சில மாதம் கழித்து அதே தேதிக்கு மாடல் வேறு எண் சொல்லும்.

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சியதுதான் மாடலின் பிழை. அது என்ன பிழை என்று கேட்பதும் அவசியம். டெக் என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல் மாதிரி: உச்ச அடுக்கின் அடர்த்தி, அடுக்கின் பருமன். தரையிலிருந்து ரேடியோ அலையை மேலே அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் அயனோசோண்டு கருவி காட்டும் உச்ச அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ், பருமன் 300 கி.மீ. என்றால் 37 அலகு வரும். மாடலின் உச்ச அதிர்வெண்ணை அயனோசோண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொருந்தியும் டெக் பொருந்தவில்லை என்றால் கோளாறு உச்சத்துக்கு மேலே உள்ள மேல்பகுதியின் வடிவத்தில். ஐஆர்ஐயில் மேல்பகுதிக்கு எது தெரிவு என்பதை எழுதாமல் ‘ஐஆர்ஐ இவ்வளவு தவறுகிறது’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. பழைய 2001 தெரிவு மேலே அதிகம் காட்டும் என்பதால்தான் 2007 பதிப்பிலிருந்து நெக்விக் வடிவத்தைப் பரிந்துரைக்கிறார்கள். அதோடு ஐஆர்ஐ 2,000 கி.மீ.யில் நின்றுவிடும், ஜிபிஎஸ் இருப்பதோ 20,200 கி.மீ.யில். நடுவில் இருக்கும் பிளாஸ்மாஸ்பியரின் பங்கு பகலில் பெரிதாகத் தெரியாது, விடியற்காலையில் கணிசம். விடியற்காலை வித்தியாசத்தில் என் பயாஸ் போக மீதி இருந்தது பெரும்பாலும் இதுதான்.

ஜிபிஎஸ் ரிசீவர்கள் பயன்படுத்தும் எளிய திருத்தமான குளோபுச்சார் மாடல் வேறு கதை. எட்டே எட்டு குணகங்கள். பிற்பகல் 2 மணிக்கு உச்சம் என்று நிலையாக வைத்து அரைக் கொசைன் அலை, இரவு முழுக்க 5 நானோ வினாடி, அதாவது ஒன்பது அலகுக்கு மேல். பிழையில் பாதியைக் குறைத்தால் போதும் என்று செய்தது, அந்த வேலையைச் செய்கிறது. அதை விடியற்காலையில் சதவீதப் பிழை போட்டுத் திட்டுவது நியாயமில்லை.

இரண்டு கோடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவைப் பற்றி ஒன்று. 0.9-க்கு மேல் வந்துவிட்டது என்று பலரும் திருப்தி அடைகிறார்கள். பகலில் ஏறி இரவில் இறங்கும் எதை எதோடு ஒப்பிட்டாலும் பெரிய எண்தான் வரும். அந்த அரைக் கொசைனுக்கே வரும். நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு மணிக்கும் தனியாக, ஒவ்வொரு பருவத்துக்கும் தனியாக சராசரிப் பிழையும் சிதறலும். கூடவே ‘நேற்றைய டெக்தான் இன்றைக்கும்’ என்ற எளிய கணிப்பையும் ஒரு வரிசையாகப் போட்டுவிடுவேன். ஒரு மாடல் அதைக்கூட வெல்லவில்லை என்றால் கெழு எவ்வளவாக இருந்தால் என்ன? ஐஆர்ஐ மாதத்தின் வழக்கமான நாளைச் சொல்லும் மாடல் என்பதையும் மறக்கக் கூடாது. மாத இடைநிலையோடு ஒப்பிட்டால் ஒரு மதிப்பெண், ஒரு தனி நாளோடு ஒப்பிட்டால் வேறு மதிப்பெண்.

2015 மார்ச் 17 காந்தப் புயல் நாளையும், 2024 மே 10, 11 நாட்களையும் நான் இந்த அட்டவணைகளில் சேர்ப்பதே இல்லை. மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படமெடுத்தார்கள். அப்படிப்பட்ட நாளை மாதச் சராசரிக்குள் போட்டால் இரண்டுமே கெட்டுவிடும். தனி வரைபடம், தனி பேச்சு.

அக்கா இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். சில மாதங்களுக்கு முன் ஃபோனில் பேசும்போது, “இன்னும் மாலை நேரம் அப்படியேதான் இருக்கா தம்பி?” என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரிய உச்ச ஆண்டுகளில், பொழுது சாய்ந்தபின் நடுக்கோட்டில் அடுக்கு இன்னொரு முறை சட்டென்று மேலே ஏறுகிறது. அடியிலிருந்து பிளாஸ்மாக் குமிழிகள் (எலக்ட்ரான் குறைந்த பகுதிகள்) கிளம்புகின்றன, ரிசீவர் சமிக்ஞையைத் தவறவிடுகிறது, டெக் கோடு துண்டு துண்டாக அறுபடுகிறது. அறுபட்ட இடத்தை நிரல் தானே ஒட்டும்போது பொய்யான படிகள் உருவாகிவிடும். அதனால் அந்த நேரத் துண்டுகளை நான் கண்ணால் பார்த்துத்தான் சேர்க்கிறேன். 2024 உச்சத்தின் மார்ச் தரவு என்னிடம் இருக்கிறது. இரவு 7 மணி முதல் 11 மணி வரை உள்ள பகுதியை மட்டும் ஒரு தனிக் கோப்புறையில் வைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலியில் மதியம் அளந்த காந்தப்புலத்திலிருந்து, நடுக்கோட்டுக்கு எட்டத்தில் மும்பை பக்கம் இருக்கும் அலிபாக்கில் அளந்ததைக் கழித்தால் முதலில் சொன்ன மின்னோட்டத்தின் பலம் தெரியும்; அதை வைத்து அன்று மாலை எப்படி இருக்கும் என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. அந்த மார்ச் தரவில் இன்னும் ஒன்பது நாள் பார்க்கப் பாக்கி இருக்கிறது.